உப்புநீர்த் தொட்டியைப் படமெடுக்க எது வேண்டும்: போனா, கிட் லென்ஸா, மேக்ரோவா?

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்து, தண்ணீர் நிலைக்கு வந்து, மீன்களும் பழகிவிட்டால் அடுத்து வரும் ஆசை படம் எடுப்பதுதான். போனை எடுத்து நீட்டினால் தொட்டி முழுக்க நீலம். கோமாளி மீன் இருந்த இடத்தில் ஒரு மங்கலான கீற்று. உடனே 'நல்ல கேமரா எது, எந்த லென்ஸ் வாங்கலாம்' என்ற விசாரிப்பு தொடங்கிவிடும்.

கேமரா வாங்குவதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எடுக்கப்போவது ஓடும் மீனையா, இருந்த இடத்திலேயே இருக்கும் பவளத்தையா? மீனுக்கு ஷட்டர் (சென்சாரில் ஒளி படும் நேரம்) வேகமாக இருக்கவேண்டும்; அதற்காக ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) ஏற்றிப் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. பவளத்துக்கு ஷட்டர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கவலையில்லை. நிறமும் கூர்மையும் பிசகக் கூடாது. இரண்டையும் ஒரே செட்டிங்கில் எடுக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும். வாங்கவேண்டிய பொருளும் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு நிலைமை உண்டு. யூடியூபில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்கத் தொட்டிகளை வைத்து எடுத்தவை. அங்கே அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்கள்தான் தொட்டியின் ராஜா. அதனால் எடுத்த எடுப்பிலேயே 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி, சின்னதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) என்று ஆரம்பிப்பார்கள். இந்தியாவில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் சேர்த்து, 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அது அவசியமான பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் மிஞ்சியிருக்கும் பவளத்தைப் பெயர்த்து யாருடைய வரவேற்பறையிலும் வைக்கவேண்டியதில்லை. ஆகவே சென்னையில் கொளத்தூர் கடைகளிலிருந்து நம் வீட்டுத் தொட்டிக்கு வருவது பெரும்பாலும் மீனும் இறாலும்தான். இனி நம் தொட்டிக்குப் பவளம் என்று நான் சொல்வது கடினமாகப் பாறை கட்டாத மென்பவளம் போன்றவற்றையே. அமெரிக்கர் சொல்லும் வரிசையில் பணத்தைச் செலவழிக்க நமக்குக் காரணமில்லை.

முதல் செட்டிங் விளக்கில்

கேமராவைத் தொடும் முன் தொட்டிக்கு மேலே தொங்கும் எல்இடியைப் பாருங்கள். பவளத் தொட்டி விளக்குகள் நீல ஒளியை, அதிலும் 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான பகுதியை, தூக்கலாகக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டவை. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு அந்த ஒளி நன்றாக உதவும். பவளத்தில் உள்ள சில புரதங்கள் அந்த நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஒளிரும். ராத்திரி விளக்கில் தொட்டி ஜொலிப்பதற்கு இதுதான் காரணம்.

கேமராவுக்கு இந்த ஒளி பெரிய தொல்லை. சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களைத் தனித்தனியாக அளக்கிறது. நீல விளக்கின் கீழ் நீலம் நிரம்பி வழியும். சிவப்பில் ஒன்றுமே இருக்காது. கேமராவின் மீட்டர் மொத்த வெளிச்சத்தைக் கணக்கிட்டு எல்லாம் சரி என்று காட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மீனின் உடம்பில் செதில் எதுவும் தெரியாது, வழவழவென்று நீலம் பூசினாற்போல இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (மூன்று நிறங்களின் அளவையும் தனித்தனி வரைகோடாகக் காட்டும் படம்) போட்டுக்கொள்ளுங்கள். நீல வரைகோடு வலது ஓரத்தில் முட்டி நின்றால், படம் மங்கலாகத் தெரிந்தாலும் வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்கவேண்டும்.

வெள்ளை விளக்கில் எடுப்பதா, நீல விளக்கில் எடுப்பதா என்பதுதான் முதல் ஒப்பீடு. மீன் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெள்ளைதான். கோமாளி மீனின் ஆரஞ்சு நிறம் தோலிலுள்ள நிறமியால் வருவது. அந்த நிறமி திருப்பி அனுப்புவதற்கு விளக்கிலேயே சிவப்பும் மஞ்சளும் இருந்தாக வேண்டும். முழு நீலத்தில் அந்த ஆரஞ்சு பழுப்பாகச் செத்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. விளக்கின் ஆப்பிலோ ரிமோட்டிலோ வெள்ளையை முழுதாக ஏற்றி, நீலத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ஒரே அடியாக ஏற்றாமல் சில நிமிடங்களில் மெல்ல ஏற்றினால் மீன் மிரளாது. அரைமணி நேரம் அப்படி இருந்தால் தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. படம் எடுத்து முடித்ததும் பழைய அட்டவணைக்குத் திருப்பிவிடுங்கள்.

வெள்ளையை ஏற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பல எல்இடி விளக்குகள் மங்கலாக எரியும்போது உண்மையில் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. வேகமான ஷட்டரில், அதிலும் போனிலும் மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே ஆடி இல்லாத) கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டரிலும், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். விளக்கை முழு அளவுக்கு ஏற்றினால் இது பெரும்பாலும் குறைந்துவிடும். மிரர்லெஸ்ஸில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினாலும் குறையும்.

மென்பவளத்துக்கும் ஜோவாந்தஸ் (பாறையில் ஒட்டி வளரும் சின்னப் பூப் போன்ற உயிர்) போன்றவற்றுக்கும் கதை வேறு. வெள்ளையில் எடுத்தால் ஒளிர்வு போய், பாதி உயிர்கள் வெறும் பழுப்பாகத் தெரியும். முழு நீலத்தில் எடுத்தால் இருப்பதைவிட அழகாகத் தெரியும். எனக்குப் பிடித்தது நடுவழி: நாம் மாலையில் உட்கார்ந்து பார்க்கும்போது தொட்டி எப்படி இருக்குமோ, அந்த விளக்கிலேயே எடுப்பது. அதிலும் துண்டு வெட்டி யாருக்காவது விற்கவோ மாற்றிக்கொள்ளவோ போகிறீர்கள் என்றால், வெள்ளையில் ஒரு படம், நீலத்தில் ஒரு படம் என்று இரண்டையும் அனுப்புங்கள். வாங்குகிறவர் தன் வீட்டுத் தொட்டியில் எதைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்து வாங்கட்டும்.

ஆரஞ்சு ஃபில்டரா, ரா ஃபைலா

நீலத்தைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் போட்டு, சென்சாருக்குப் போகும் முன்பே நீலத்தை வெட்டிவிடுவது. இன்னொன்று, ரா ஃபைலாக (சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் ஒயிட் பேலன்ஸை (எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்ற செட்டிங்) மாற்றுவது.

ரா போதுமே, எதற்கு ஃபில்டர் என்று பலரும் நினைக்கிறார்கள். வெள்ளையும் நீலமும் கலந்த விளக்கென்றால் அது சரிதான். கேமராவிலேயே ஒயிட் பேலன்ஸைக் கெல்வினில் வைத்து 10,000-க்கு ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் உச்சவரம்பு அதுதான். அப்படியும் நீலம் மிஞ்சினால் ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்ற மெனுவில் ஆம்பர் பக்கம் தள்ளலாம். கேனான் கேமராக்களில் 9 படி வரை தள்ள இடம் உண்டு. மீதியை லைட்ரூம் மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம்; ரா ஃபைலுக்கு அங்கே 50,000 கெல்வின் வரை போகும்.

முழு நீல விளக்கில் இந்த வழி திணறும். சிவப்புச் சேனலில் எதுவும் பதிவாகாதபோது, பிறகு ஒயிட் பேலன்ஸை மாற்றுவது அந்தக் காலியிடத்தைப் பத்து மடங்கு பெருக்குவது போலத்தான்; வருவது நிறமல்ல, வெறும் புள்ளிகள். ஃபில்டர் போட்டால் நீலம் முன்கூட்டியே குறைவதால், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்துச் சிவப்பையும் பச்சையையும் நன்றாக நிரப்ப முடியும். இழப்பு வெளிச்சத்தில்தான். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). ட்ரைபாடில் வைத்து எடுக்கும் பவளத்துக்கு அது பொருட்டே இல்லை. ஓடும் மீனுக்கு அந்த ஒன்றரை ஸ்டாப்தான் உயிர்.

ஆகவே மீனை வெள்ளை விளக்கில், ஃபில்டர் இல்லாமல், ராவில் எடுங்கள். பவளத்தை நீலத்தில், ஃபில்டரோடு, அப்போதும் ராவில் எடுங்கள். போனுக்குக் கிளிப் மாட்டும் ஃபில்டர் வாங்குவதானால் ஒன்றுக்கு மேற்பட்ட அடர்த்தியில் கொடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் விளக்குக்குத் தேவையானதைவிட அடர்த்தி கூடினால் தொட்டி மொத்தமும் மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும்.

எந்த மோடில் கற்றுக்கொள்வது

புதிதாகப் பழகுகிறவர்களிடம் அப்பர்ச்சர் மோடில் (லென்ஸின் திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) ஆரம்பியுங்கள் என்று சொல்வது வழக்கம். வெளியில் எடுக்கும் படங்களுக்கு அது நல்ல யோசனை. தொட்டிக்கு உதவாது. வெளிச்சம் போதாது என்று தெரிந்தால் கேமரா ஷட்டரை 1/40 விநாடிக்கு இறக்கிவிடும். மீனின் வாலும் துடுப்பும் கரைந்துபோகும். ஷட்டர் மோடு அதைவிட மேல். 1/250 என்று வைத்துவிட்டால் கேமரா அதை மீறாது. ஆனால் அப்பர்ச்சரை எப்போதும் முழுதாகத் திறந்துவைக்கும். கண்ணில் போகஸ் இருக்க, துடுப்பு மங்கிப்போகும்.

எல்லோரும் பயப்படும் முழு மேனுவல் மோடு, எம் என்று போட்டிருக்குமே, அதுதான் தொட்டிக்கு மிக எளிது என்பது என் கருத்து. வெளியில் மேகம் வரும், வெயில் போகும், ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். தொட்டியின் விளக்கு மாறாது. நேற்று சரியாக வந்த அதே எண்கள் அடுத்த வாரமும் சரியாக வரும். ஒருமுறை கண்டுபிடித்து ஒரு சீட்டில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். செட்டிங் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. ஒரு எண்ணை மட்டும் மாற்றி, அது படத்தில் என்ன செய்தது என்று உடனே பார்க்க முடிகிறது.

தொட்டிக்குள் மாறுவது ஒன்றே ஒன்று, ஆழம். மேலே விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சம் மணல் மட்டத்தில் இருக்காது. இங்கே மீனின் குணம் தீர்மானிக்கட்டும். கோமாளி மீன் தன் அனிமோனை (அது குடியிருக்கும் கடல் உயிரை) விட்டு அதிகம் நகராது. முழு மேனுவல் போதும். டேங், குரோமிஸ் போன்றவை மேலும் கீழுமாக அலைபவை. அவற்றுக்கு எம் மோடிலேயே ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். பழைய கேனான் தொடக்கநிலை மாடல்களில் இப்படி வைத்துவிட்டால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ தள்ளும் செட்டிங்) வேலை செய்யாது. அவற்றை வைத்திருப்பவர்கள் முழு மேனுவலோடு இருந்து, மீன் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது மட்டும் எடுப்பதே நல்லது.

ஆரம்பிக்க எண்கள் வேண்டுமென்றால் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கோமாளி மீனுக்கு 1/200 அல்லது 1/250, எஃப் 5.6 (எஃப் என்பது லென்ஸ் திறப்பு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்), ஐஎஸ்ஓ 1600. டேங், ஆந்தியாஸ் போன்ற வேகமான மீன் என்றால் 1/500-க்குப் போய், ஐஎஸ்ஓ 3200. பவளத்துக்கு ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், எஃப் 8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200. ஷட்டர் 1/15-க்கு இறங்கினாலும் இறங்கட்டும். உங்கள் விளக்கைப் பொறுத்து ஐஎஸ்ஓ ஒரு படி முன்னே பின்னே போகும். பவளத்துக்கு வேவ்மேக்கரை (தண்ணீரை ஓடவைக்கும் கருவி) நிறுத்தியே ஆகவேண்டும். பத்து நிமிடத்துக்குமேல் நிறுத்திவைக்காதீர்கள். ஓட்டம் நின்றால் நீரில் ஆக்சிஜன் குறையும். போனில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமாளி மீனை எடுக்கும்போது கவனிக்கவேண்டியது அதன் வெள்ளைப் பட்டை. படத்தில் முதலில் எரிந்துபோவது அதுதான். பட்டையின் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில் செதில்களின் வரிசை தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. தெரியாவிட்டால் ஐஎஸ்ஓவை ஒரு படி குறையுங்கள், உடம்பின் ஆரஞ்சு கொஞ்சம் இருண்டு தெரிந்தாலும் பரவாயில்லை. இருட்டைப் பிறகு ஏற்றலாம், எரிந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போகஸுக்கு மீனைத் துரத்தவேண்டாம். கோமாளி மீன் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில் ஒற்றைப் புள்ளி போகஸை வைத்து, தொடர் போகஸ் மோடில் காத்திருந்து, கண் அந்தப் புள்ளிக்கு வந்ததும் மூன்று நான்கு படங்களாகத் தட்டுங்கள்.

லென்ஸ்: எது எவ்வளவு நெருங்கும்

பணம் செலவாகும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

போனில் இருப்பதை வைத்தே நிறைய செய்யலாம். ப்ரோ மோடு உள்ள போனாக இருந்தால் ஷட்டரை 1/200-க்கும் ஒயிட் பேலன்ஸை உச்சத்துக்கும் வைத்து, ராவில் எடுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது நகரும் மீனுக்கு இரண்டு வால் வந்துவிடும். போனின் மேக்ரோ பெரும்பாலும் அல்ட்ரா வைட் கேமராவால் வருவது. 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோவில் அது 2 செ.மீ. வரை நெருங்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தைக்கும் கண்ணாடி அருகே வளரும் ஜோவாந்தஸுக்கும் அது அருமை. தொட்டியின் நடுவில் இருப்பதற்கு அது எட்டாது. முழுத் தொட்டியின் படத்துக்கும் அசையாத உயிருக்கும் போனும் ஃபில்டரும் ட்ரைபாடும் தாராளமாகப் போதும். நகரும் சின்ன மீன்தான் அதன் எல்லை.

அடுத்து, பழைய டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 கிட் லென்ஸ். இதை எல்லோரும் மட்டமாகப் பேசுவார்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்கு, வெளிச்சம் அள்ளும் என்பார்கள். வெளிச்சம் அள்ளுவது உண்மை. ஆனால் நெருங்குவதில் கிட் லென்ஸ்தான் ஜெயிக்கிறது. கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் 0.21 மடங்குக்குத்தான் பெரிதாக்கும்; அதாவது சென்சாரில் விழும் பிம்பம் உண்மை அளவில் 0.21 பங்குதான். க்ராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் படத்தின் அகலம் சுமார் 10.5 செ.மீ. பரப்பைக் காட்டும். கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் சுமார் 0.35 மடங்கு வரை போகும், அகலம் 6.5 செ.மீ.தான். ஐந்து செ.மீ. கோமாளி மீன் 50 மி.மீ. லென்ஸில் பாதிப் படத்தை நிரப்பும்; கிட் லென்ஸில் முக்கால்வாசிப் படத்தை நிரப்பும். எஃப் 1.8-இல் இவ்வளவு பக்கத்தில் எடுத்தால் கண் கூர்மையாக இருக்க மூக்கு மங்கிவிடும், எப்படியும் எஃப் 4-க்கோ 5.6-க்கோ மூடத்தான் போகிறோம். ஆகவே மீனுக்காக 50 மி.மீ. வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாலை விளக்கில் முழுத் தொட்டியையும் எடுக்க ஆசையிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று பெரிதாக்கும். க்ராப் சென்சாரில் இரண்டு செ.மீ. சொச்சம் பரப்பு முழுப் படமாகும், ஒரு செ.மீ. ஜோவாந்தஸ் பாதிப் படத்தை நிரப்பும். மேக்ரோவிலேயே எந்த நீளம் என்பதுதான் தொட்டிக்காரர் யோசிக்கவேண்டியது. 35, 40 மி.மீ. மேக்ரோக்கள் விலை குறைவு. ஆனால் முழுப் பெருக்கத்தில் லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் நடுவே மூன்று நான்கு செ.மீ.தான் இருக்கும். அந்த இடத்தைக் கண்ணாடியே எடுத்துக்கொண்டுவிடும். 60 மி.மீ. மேக்ரோவில் ஒன்பது பத்து செ.மீ. கிடைக்கும். 90, 100, 105 மி.மீ. லென்ஸ்களில் சுமார் 14 செ.மீ. தண்ணீர் ஒளியை வளைப்பதால் உள்ளே இருக்கும் பொருள் இருக்கும் தூரத்தின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். அதனால் 100 மி.மீ. மேக்ரோவைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் உள்ளே 18 செ.மீ. வரை முழுப் பெருக்கத்தில் எட்டும். உங்கள் பாறை முன்கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

மேக்ரோவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் எவ்வளவு குறைவு என்பதை நம்புவது கஷ்டம். முழுப் பெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்காது. எஃப் 16-க்கு மூடினால் சமாளிக்கலாமே என்று தோன்றும். அந்தப் பெருக்கத்தில் அது எஃப் 32 போலச் செயல்பட்டுப் படம் முழுக்கக் கூர்மை இழந்து மங்கிவிடும். எஃப் 8-இல் நின்று, போகஸை மேனுவலில் வைத்து, லைவ் வியூவை (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து எடுப்பதே வழி. நீல விளக்கில் ஆட்டோ போகஸ் தடுமாறும், அதை நம்பவேண்டாம்.

மேக்ரோவுக்குக் குறைந்த செலவில் மாற்று உண்டா? எக்ஸ்டென்ஷன் டியூப் உண்டு. உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் மாட்டினால் பெருக்கம் அரை மடங்கு கூடும். கேமராவோடு பேசும் மின் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. குறை என்னவென்றால் லென்ஸின் முனை பொருளை மிக நெருங்கிவிடும், தொலைவில் போகஸே ஆகாது. முன்கண்ணாடிக்கு அருகே இருப்பதை எடுக்க நல்லது. தொட்டியின் பின்பாதிக்குப் பயன்படாது. லென்ஸின் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற குளோஸ்-அப் லென்ஸும் இதே எல்லைக்குள்தான்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா என்றால், செட்டிங் கற்றுக்கொள்ள மிரர்லெஸ் வசதி. ஒயிட் பேலன்ஸை மாற்றியதும் வ்யூஃபைண்டரிலேயே நிறம் மாறுவது தெரியும். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவைப் போட்டாலும் இதே வசதி கிடைத்துவிடுகிறது. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கவேண்டாம்.

கண்ணாடி

இதில் ஒப்பிட எதுவுமில்லை, செய்துதான் ஆகவேண்டும். உள்ளே பாசியைத் தேய்த்து, வெளியே உப்புக்கறையை ஈரத்துணியால் துடைத்து, தூசு அடங்கும் வரை காத்திருந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிராக, தொண்ணூறு பாகையில் இருக்கட்டும். சாய்த்தால் தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைத்து, ஓரங்களில் ஊதாக் கோடு விழும். தடித்த கண்ணாடியில் இன்னும் மோசம். ரப்பர் ஹுட் ஒன்று வாங்கிக் கண்ணாடியில் அழுத்திவைத்தால் பிரதிபலிப்பு சுத்தமாகப் போய்விடும். போலரைசர் (பிரதிபலிப்பை வெட்டும் ஃபில்டர்) வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை வெட்டும். நேராக எடுக்கும்போது வெளிச்சத்தை மட்டும் ஒன்றரை ஸ்டாப் தின்றுவிடும்.

ஃபிளாஷ்

கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் நேராகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும், அதை மறந்துவிடுங்கள். தனி ஃபிளாஷைத் தொட்டிக்கு மேலே வைத்து, டிரிக்கரால் இயக்கினால் நிலைமையே வேறு. எஃப் 11, 1/200, ஐஎஸ்ஓ 200 வைத்து மீனின் ஒவ்வொரு செதிலையும் எடுக்கலாம். ஃபிளாஷின் ஒளி நீடிப்பது மிகச் சொற்ப நேரம் என்பதால் அசைவே தெரியாது. நிறமும் பகல் வெளிச்சத்தில் இருப்பது போல் வரும். மீனுக்கு மட்டும் எடுப்பவருக்கு இது மேக்ரோ லென்ஸைவிடப் பெரிய முன்னேற்றம் என்பேன். பவளத்தின் ஒளிர்வை மட்டும் இது அடித்துவிடும்.

ஆனாலும் முதல் வருஷம் வேண்டாம் என்றே சொல்வேன். உப்புத் தண்ணீருக்கு மேலே மின்கருவியைத் தொங்கவிடுவது விளையாட்டல்ல. செய்வதானால் தொட்டியின் மேல் ஒரு கண்ணாடித் தட்டோ அக்ரிலிக் தட்டோ போட்டு, ஃபிளாஷை அதற்கு மேலே ஸ்டாண்டில் இறுகக் கட்டுங்கள். தொட்டிக்கான மின் இணைப்பில் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது இருக்கவேண்டும். புதிதாக வந்த மீனும் கூச்சமுள்ள மீனும் ஃபிளாஷில் மிரண்டு பாறைக்குள் ஓடிவிடும். அப்படி ஒளிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

எதை வாங்குவது

மீனை அதிகம் எடுப்பவர் என்றால், செகண்ட் ஹாண்டில் ஒரு க்ராப் சென்சார் பாடியும் 18-55 கிட் லென்ஸும். புதிய மேக்ரோ லென்ஸ் ஒன்றின் விலையில் இவை இரண்டும் வந்து, பணமும் மிஞ்சும். மிஞ்சுவதை ரப்பர் ஹுடுக்கும் நல்ல ட்ரைபாடுக்கும் போடுங்கள். மென்பவளம், ஜோவாந்தஸ் என்று அசையாதவைதான் உங்கள் தொட்டி என்றால், போனுக்கு ஒரு ஃபில்டர் செட்டும் ட்ரைபாடும் வாங்கி ஆறு மாதம் எடுங்கள். அதன் எல்லை உங்களுக்கே தெரியவரும்போது, பாறையின் தூரத்தை அளந்து 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோவுக்குப் போகலாம். இரண்டும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றாலும் இரண்டையும் ஒன்றாக வாங்காதீர்கள், மீனில் தொடங்குங்கள். ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மீன் சொல்லித்தருவது மாதிரி பவளம் சொல்லித்தராது.

செகண்ட் ஹாண்ட் லென்ஸ் வாங்கும்போது போனின் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது சகஜம். தொட்டி இருக்கும் அறையில் தண்ணீர் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஈரம் இன்னும் கூடுதல். கேமராவைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வேறு அறையில் வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரமானி வைத்து, அது 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மீண்டும் போடுங்கள்.